கோயில் ஸ்கூல்

படிவத்தில் பதின்மூன்று கேள்விகள். கட்டிடம் உறுதியாக உள்ளதா, சாய்தளம் உள்ளதா, குடிநீர் உள்ளதா, கழிப்பறைக்குக் கதவு உள்ளதா என்று வரிசையாகப் போய், ஒன்பதாவதாக இப்படி ஒன்று: 'வாக்காளர்கள் இவ்வாக்குச்சாவடியை அடைய நெடுஞ்சாலை, இருப்புப்பாதை, ஆறு போன்ற தடை எதையேனும் கடக்க வேண்டியுள்ளதா?' ஷெர்லினுக்கு முன்னால் அந்தப் பகுதிக்கு வாக்குச்சாவடி நிலை அலுவலராக இருந்தவர்கள் எல்லாரும் அதற்கு 'இல்லை' என்றே எழுதியிருந்தார்கள். முதலாமவர் எழுதியதைப் பார்த்து அடுத்தவர், அவரைப் பார்த்து அதற்கும் அடுத்தவர். எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோடு என்று ஒன்று இருக்கிறது, துறைமுகத்துக்குள் நுழையக் காத்திருக்கும் கன்டெய்னர் லாரிகள் அதில் மைல் கணக்கில் நிற்கின்றன, ஹவுசிங் போர்டு ஜனம் அத்தனை பேரும் அவற்றுக்கு நடுவே புகுந்துதான் கடலோரத்துச் சமுதாயக் கூடத்தில் போய் ஓட்டுப் போடுகிறார்கள் என்பதெல்லாம் அந்தக் காகிதத்தைப் பொறுத்தவரை நடக்காத காரியம்.

ஷெர்லின் மாநகராட்சிப் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு டீச்சர். பார்த்து எழுதுகிற பிள்ளையைக் கண்டாலே அவளுக்கு ஆகாது. பெரியவர்கள் பார்த்து எழுதியிருந்தால் விடுவாளா? சட்டமன்றத் தேர்தலுக்கு முந்தைய வருஷம் இந்த வேலை அவள் தலையில் கட்டப்பட்டது. சாவடிகளை மறு ஆய்வு செய்யச் சொல்லி வந்த படிவத்தைக் கையில் பிடித்துக்கொண்டு ஒரு சனிக்கிழமை வெயிலில் நடந்தே போய்ப் பார்த்தாள். ரோட்டைத் தாண்ட மட்டும் பதினோரு நிமிஷம் ஆயிற்று. திரும்பி வந்து ஒன்பதாவது கேள்விக்கு எதிரே பேனாவை அழுத்தி 'ஆம்' என்று எழுதினாள்.

அப்படி நடந்து பார்க்க அவளைக் கிளப்பி விட்டவள் கெங்கம்மா. அதற்கு முந்தின வாரம், சி பிளாக் இரண்டாவது மாடிக்கு ஷெர்லின் வேறொரு வேலையாகப் போயிருந்தாள். பட்டியலிலிருந்து இறந்தவர் பெயர்களை எடுக்க வேண்டும். கோதண்டம் என்று ஒரு பெயர், இறந்து நாலு வருஷமாகியும் பட்டியலில் சௌக்கியமாக இருந்தது.

"கோதண்டம் இருக்காரா?" என்று வழக்கப்படி வாசலில் நின்று கேட்டாள்.

"கீறாரே. செவுத்துல பாரு," என்றாள் உள்ளே அரிசி களைந்துகொண்டிருந்த பெண்மணி. ஐம்பத்தைந்து வயதிருக்கும். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

சுவரில் படம். காக்கிச் சட்டை, தடித்த மீசை, நெற்றியில் காய்ந்துபோன சந்தனப் பொட்டு. ஷெர்லின் நாக்கைக் கடித்துக்கொண்டாள். பெயரை நீக்கும் படிவத்தைத் தயங்கித் தயங்கி எடுத்து, இதில் ஒரு ரேகை வைத்தால் போதும் என்றாள். கெங்கம்மா கையைத் துடைத்துக்கொண்டு வந்து, படிவத்தை வாங்காமல், எதிரே உட்கார்ந்தாள்.

"அவரு எப்டிப் போனாருன்னு தெரியுமா ஒனக்கு? போன எலீக்சன்ல ஓட்டு போட்டுட்டு வந்துகினு இருந்தாரு. லாரிங்கோ நின்னுகினு கீதேன்னு நடுவால பூந்தாரு. பின்னாடி இருந்த வண்டி நவுந்துச்சு. அவ்ளோதான். ஆஸ்பத்திரில துணி சுத்திக் குடுத்தாங்க, கை மட்டும் வெளிய தெரிஞ்சுது. மை வெச்ச வெரலு. ஓட்டு போட்டுட்டு வரேன்னு சொல்லிட்டுப் போனவரு டீச்சர். ஓட்டு போட்டாரு. வூட்டுக்குத்தான் வர்ல."

ஷெர்லின் படிவத்தை மடியில் கவிழ்த்து வைத்தாள்.

"அன்னையிலேர்ந்து நான் அந்த ரோட்டைத் தாண்டல. தோ, கூப்டு தூரத்துல கடலு. நாலு வருசமா நான் கடலைப் பாக்கல. நீ பேரை எடுக்கணும்னு வந்துகீற. அவரு இன்னும் வூடு வந்து சேரல. வந்தப்பறம் எடுத்துக்க."

படிவத்தை ஷெர்லின் பைக்குள் வைத்துவிட்டாள். சட்டப்படி இறப்புச் சான்றிதழை வைத்தே பெயரை எடுத்திருக்கலாம். மனசு வரவில்லை. அதற்குப் பதில் வேறொரு வெள்ளைத் தாளை எடுத்தாள். "அப்ப என்ன செய்யணும்னு சொல்லுங்கக்கா. நான் எழுதுதேன்."

கெங்கம்மா சொல்லச் சொல்ல எழுதினாள். "எளுதிக்க. ரோட்டுக்கு இந்தாண்ட பூத்து குடு. அது முடியலன்னா, சிக்னலு கீற எடமாச்சும் பாத்துக் குடு. குடுத்தா நான் வந்து ஓட்டு போடறேன். இல்லன்னா எனுக்கு ஓட்டும் வோணாம், ஒண்ணியும் வோணாம்." கீழே முதல் ரேகை கெங்கம்மாவுடையது. அதன் பிறகு மூன்று பிளாக்கிலும் சேர்த்து அறுபத்திரண்டு பேர் போட்டார்கள்.

மனுவையும் படிவத்தையும் சேர்த்து ஷெர்லின் மேலே அனுப்பினாள். மண்டல அலுவலகத்திலிருந்து ஒருவர் ஜீப்பில் வந்தார். குளிர்சாதனத்தைவிட்டு இறங்காமலேயே ஒரு ஆள் செத்ததற்காகவா சாவடியை மாற்றுவது என்று கேட்டார். "எத்தனை ஆள் செத்தா மாத்துவீங்க சார்? சொல்லுங்க, எழுதிக்கிடுதேன்," என்று ஷெர்லின் கேட்டதும் இறங்கினார். ரோட்டுக்கு மேற்கே, ஹவுசிங் போர்டிலிருந்து ஐந்து நிமிஷ நடையில், ஒரு ஆர்.சி. நடுநிலைப்பள்ளி இருந்தது. நல்ல கட்டிடம், சாய்தளம், கதவுள்ள கழிப்பறை. கட்சிக்காரர்களைக் கூட்டி வைத்துக் கேட்டார்கள். யாரும் ஆட்சேபம் சொல்லவில்லை. ஏழு மாதம் கழித்து உத்தரவு வந்தது. ஷெர்லின் அன்றைக்கு வகுப்பில் பிள்ளைகளுக்கு மிட்டாய் கொடுத்தாள், காரணம் சொல்லவில்லை.

இதுவரைக்கும் அவள் செய்தது எல்லாமே சரி. அதற்குப் பிறகு செய்த ஒரு தப்பைத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

ஷெர்லினின் சொந்த ஊர் தூத்துக்குடிப் பக்கம். கல்மண்டபத்தில் மளிகை மொத்த வியாபாரம் செய்கிற டென்னிஸுக்கு வாழ்க்கைப்பட்டு வந்து பன்னிரண்டு வருஷம். அவர்கள் வீட்டில், அவர்கள் ஊரில், அவர்கள் கடைத்தெருவில், கோயில் என்றால் மாதா கோயில். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போவார்கள், கோயிலில் கல்யாணம் நடக்கும், கோயில் மணி அடிக்கும். சர்ச் என்ற சொல்லை அவள் பேச்சில் சேர்த்ததே இல்லை. அந்த நடுநிலைப்பள்ளி மாதா கோயில் வளாகத்துக்குள் இருக்கிறது. ஆகவே அவளுக்கு அது கோயில் ஸ்கூல். டென்னிஸுக்கும் கோயில் ஸ்கூல். கடைக்கு வருகிற அண்ணாச்சிமார் எல்லாருக்கும் கோயில் ஸ்கூல்.

ஹவுசிங் போர்டு ஜனத்துக்கு அது சர்ச்சு ஸ்கூல். அவர்களுக்குக் கோயில் ஸ்கூல் என்று வேறொன்று இருந்தது. ரோட்டுக்குக் கிழக்கே, கடலோரம், அம்மன் கோயில் மதிலை ஒட்டி ஓர் ஆரம்பப் பள்ளி. அதற்கு நேர் எதிரே, ரோட்டில், ஒரு சிக்னல் கம்பம்.

வாக்காளர் சீட்டில் எல்லாம் சரியாகத்தான் அச்சாகியிருந்தது: 'ஆர்.சி. நடுநிலைப்பள்ளி, வடக்குப் பார்த்த கட்டிடம், அறை எண் 2.' பள்ளிச் சுவரிலும் மண்டல அலுவலகத்திலும் அறிவிப்பு ஒட்டினார்கள். சுவரொட்டியை ஆடு தின்றது போக மிச்சத்தை யார் படித்தார்கள்? அந்தப் பக்கத்தில் ஒரு சேதி என்றால் வாய்வழியாகத்தான் போகும். ஷெர்லினுக்கும் அது தெரியும். அதனால்தான் ஆயிரத்துச் சொச்சம் சீட்டையும் அவளே கொண்டு போனாள், மாடி மாடியாக ஏறினாள், ஒவ்வொரு கதவிலும் நின்று வாய்விட்டுச் சொன்னாள். "பூத் மாறியிருக்கு. இந்தத் தடவை கோயில் ஸ்கூல்ல. மறந்திராதீங்க."

கெங்கம்மாவை மாடிப்படியில் பார்த்தாள். இரண்டு கையிலும் தண்ணீர்க் குடம்.

"அக்கா! ஒங்க மனுவுக்கு ஆர்டர் வந்துருச்சு. கோயில் ஸ்கூல்ல போட்டாச்சு."

கெங்கம்மா குடங்களைக் கீழே வைத்தாள். "கோயில் ஸ்கூலா?"

"ஆமா. நீங்க கேட்டபடிதான்."

கெங்கம்மா குனிந்தாள். தண்ணீர் தளும்பிப் படியில் வழிந்ததைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "நீ அங்க இருப்பியா டீச்சர்?"

"காலையிலேருந்து அங்கதான் இருப்பேன்."

"அப்ப செரி. நீ கீறன்னா வரேன்," என்று குடங்களைத் தூக்கிக்கொண்டாள். கண் கலங்கியிருந்தது. சந்தோஷத்தில் என்று ஷெர்லின் நினைத்துக்கொண்டாள். அன்று இரவு டென்னிஸிடம்கூட அப்படித்தான் சொன்னாள்.

வாக்குப்பதிவு அன்று காலை ஆறரைக்கே ஷெர்லின் பள்ளி வாசலில் மேஜை போட்டு, பெயர்ப் பட்டியலை விரித்து உட்கார்ந்துவிட்டாள். வந்து பாகம் எண், வரிசை எண் கேட்கிறவர்களுக்குச் சொல்லி அனுப்புவது அவள் வேலை. சொல்லி அனுப்பியவர்களின் பெயருக்கு நேரே தன் பட்டியலில் ஒரு டிக் போட்டுக்கொண்டாள். முதல் ஆளாகக் கெங்கம்மா வருவாள் என்று எதிர்பார்த்திருந்தாள். முதல் ஆளாக வந்தவர் எண்ணெய்க்கடை அண்ணாச்சி. பின்னாலேயே கடைத்தெருக் குடும்பங்கள் வெள்ளையும் சொள்ளையுமாக வந்து நின்றன. எட்டு மணி ஆயிற்று, ஒன்பது ஆயிற்று. ஹவுசிங் போர்டிலிருந்து ஒரு தலையைக் காணோம்.

ஒன்பதரைக்கு வந்தாள் சி பிளாக் ரமாபாய். தையல் கடை வைத்திருப்பவள், மனசில் பட்டதைச் சபையில் போட்டு உடைக்கிறவள். வேர்த்துக் கொட்ட, தெருவிலிருந்தே ஆரம்பித்துவிட்டாள்.

"இன்னா டீச்சர் இது பேஜாரு? கோயில் ஸ்கூலுன்னு சொல்லிட்டு சர்ச்சு ஸ்கூல்ல வந்து குந்திகினு கீற! அங்க போயி ஒன் அவரு நின்னா, இது வேற ஏரியா பூத்து, ஒங்க பேரே இல்லன்ட்டாங்க. அந்தாண்டயும் இந்தாண்டயும் லாரில அடிபடாத வந்தது பெரிய காரியம். எங்க பிளாக்கே அங்க நிக்குது!"

"எந்தக் கோயில் ஸ்கூல்?" என்று ஷெர்லின் கேட்டாள்.

"எந்தக் கோயிலா? ஊருக்கு எத்தினி கோயிலு? அம்மன் கோயிலு!"

ஷெர்லின் எழுந்தாள், உட்கார்ந்தாள், மறுபடி எழுந்தாள். பிறந்ததிலிருந்து வாயில் புழங்கிய சொல். அந்தச் சொல்லுக்கு இன்னொரு வீட்டில் இன்னொரு அர்த்தம் இருக்கும் என்று ஒரு நாள்கூட அவளுக்குத் தோன்றியதில்லை. ஆயிரம் கதவில் நின்று ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறாள். தாண்ட வேண்டாம் என்பதற்காக ஏழு மாதம் அலைந்தவளே, தாண்டு தாண்டு என்று வீடு வீடாகப் போய்ச் சொல்லிவிட்டு வந்திருக்கிறாள். பார்த்து எழுதிய அந்த முந்தைய அலுவலர்களை எத்தனை ஏளனமாக நினைத்திருந்தாள்! அவர்களாவது சும்மா இருந்தார்கள்.

பைக்குள் மனுவின் நகல் இருந்தது. எடுத்துப் பார்த்தாள். அவள் கையெழுத்திலேயே இருந்தது: 'அது முடியாவிட்டால் சிக்னல் உள்ள இடமாவது கொடுக்கவும்.' நீங்க கேட்டபடிதான் என்று மாடிப்படியில் சொன்னது நினைவுக்கு வந்தது. கெங்கம்மாவின் கண் ஏன் கலங்கியது என்பது அப்போதுதான் விளங்கிற்று.

"கெங்கம்மாக்கா அங்க இருக்காங்களா?"

"அது வேலைக்குப் போச்சு. காண்டிராக்ட்காரன் லீவு குடுக்கலியாம்."

அதைக் கேட்டதும் ஷெர்லினுக்கு மூச்சு வந்தது. கெங்கம்மா டோல்கேட் பக்கம் ஒரு கம்பெனியில் கூட்டித் துடைக்கிற வேலை பார்க்கிறாள். ரோட்டுக்கு இந்தப் பக்கம்தான். வீட்டுக்கு வந்துதான் கிளம்புவாள். அதற்குள் சொல்லிவிடலாம். ஷெர்லின் போனில் இருந்த எண்களையெல்லாம் அடித்தாள். சி பிளாக்கில் ஷேர் ஆட்டோ ஓட்டுகிற பாரியைக் கூப்பிட்டு, அம்மன் கோயிலில் நிற்கிற ஜனத்தை எல்லாம் சுற்றிக்கொண்டு வந்து ஏற்றிவரச் சொன்னாள். கெங்கம்மாவுக்கு அடித்தாள்; வேலை நேரத்தில் போனை வாங்கி வைத்துக்கொள்வார்களாம், எடுக்கவில்லை. மதியம் அரைமணி நேரம் மேஜையை வேறொருவரிடம் விட்டுவிட்டு சி பிளாக்குக்கு ஓடினாள். வீடு பூட்டியிருந்தது. எதிர்வீட்டுப் பவுனம்மாளின் கையைப் பிடித்துக்கொண்டு, "சர்ச்சு ஸ்கூல். சர்ச்சு. ரோட்டைத் தாண்ட வேண்டாம். வந்ததும் சொல்லிருங்க," என்று மூன்று முறை சொன்னாள். அந்தச் சொல் அவள் வாயில் புதிதாகக் கேட்டது.

மதியத்துக்கு மேல் ஹவுசிங் போர்டு ஜனம் திட்டிக்கொண்டே வந்தது. திட்டுகிறவர்களுக்கெல்லாம் ஷெர்லின் எழுந்து நின்று, தப்பு என்மேலதான் என்றாள். ஐந்து மணிக்குப் பட்டியலைப் புரட்டிப் பார்த்தாள். அந்த வீட்டு எண்ணில் இரண்டு பெயருக்கு டிக் இல்லை. ஒன்று கோதண்டம். மற்றது கெங்கம்மா.

ஐந்து பத்துக்குப் பாரி ஆட்டோவை நிறுத்திவிட்டு ஓடி வந்தான்.

"டீச்சர், கெங்கம்மாக்கா அம்மன் கோயிலாண்ட நின்னுகினு கீது. வேலை முடிஞ்சு நேரா அங்கதான் போயிருக்குது. வூட்டுக்கே வர்ல. உள்ள பேரு இல்லன்னு அனுப்பிட்டாங்க போல. ரோட்டோரம் நிக்குது. நான் தாண்டிப் போயி கையப் புடிச்சி இஸ்தேன். வர்ல. கால் வர மாட்டேங்குதுன்னுது."

"அந்தப் பக்கமே ஆட்டோவுல ஏத்திட்டு வரலாம்லா?"

"கீயே மொனை வரிக்கும் போயி திரும்பி வர்றதுக்குள்ள ஆறரை ஆயிடும். லாரி அடைச்சிகினு கீது. அதும் ஆட்டோலாம் வோணாம்னுது. டீச்சரு சொல்லித்தான் வந்தேன், டீச்சரே வந்து கூட்டிகினு போவட்டும்னுது."

ஷெர்லின் செருப்பைக்கூடச் சரியாக மாட்டவில்லை. பாரி அவளை ரோட்டோரம் கொண்டுபோய் இறக்கினான். இந்தப் பக்கம் வடக்கே போகிற காலி வண்டிகள் பறந்துகொண்டிருந்தன. நடுக்கட்டைக்கு அந்தப் பக்கம், துறைமுகத்துக்குப் போகிற டிரெய்லர்கள், ஒன்றின் வாலை ஒன்று முட்டாத குறையாக, அசையாமல் நின்றன. அவற்றின் இடைவெளியில், அந்தக் கோடியில், ஒரு நீலப் புடவை தெரிந்தது. சிக்னல் கம்பத்தில் விளக்கே எரியவில்லை.

ஷெர்லின் தாண்டினாள். இரண்டு டிரெய்லருக்கு நடுவே புகும்போது பின்னால் நின்ற வண்டியின் சூடு முதுகில் பட்டது. கோதண்டத்துக்குக் கடைசியாகப் பட்டது இந்தச் சூடுதான் என்று நினைத்தாள். அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்தாள்.

கெங்கம்மா கம்பெனிக்காரர்கள் கொடுத்த நீலப் புடவையிலேயே இருந்தாள். வாக்காளர் சீட்டை நாலாக மடித்துக் கைக்குள் வைத்திருந்தாள். முகத்தில் கோபம் இல்லை. அதுதான் ஷெர்லினால் தாங்க முடியவில்லை.

"அக்கா, மன்னிச்சிருங்க. இந்த ஸ்கூல் இல்ல. அந்தப் பக்கம், சர்ச்சு ஸ்கூலு. நாங்க அதத்தான் கோயில்னு சொல்லுவோம். வாய்த்தப்பா சொல்லிட்டேன். நீங்க தாண்டவே வேண்டாமாயிருந்தது."

கெங்கம்மாவுக்கு அது மெதுவாகத்தான் உள்ளே போயிற்று. "தாண்டவே வோணாமா?"

"வேண்டாம்."

"நான் சிக்னலு கீற எடம்னு எளுதச் சொன்னேன்ல. ரெண்டாவதா. அத்தான் கெடைச்சிருக்குது, நம்மளுக்கு அவ்ளோதான்னு நெனச்சிகினேன்." விளக்கெரியாத கம்பத்தை அண்ணாந்து பார்த்தாள். "இது எரியல டீச்சர். எரியலன்னு பாத்துட்டுத்தான் தாண்டனேன். யாரோ ஒரு பொண்ணு பின்னாடி கண்ண மூடிகினு தாண்டனேன். நீ இங்க இருப்பன்னு சொன்னியே. வந்து பாத்தா நீயும் இல்ல, பேரும் இல்ல."

ஷெர்லின் அழுதுவிட்டாள். ரோட்டோரம், டீசல் புகையில், கழுத்தில் அடையாள அட்டை தொங்க, மூக்கை உறிஞ்சிக்கொண்டு நின்றாள். கெங்கம்மா அவளைத் தேற்றவில்லை. தேற்ற வேண்டிய அவசியமும் இல்லை.

"மணி இன்னா?" என்று மட்டும் கேட்டாள்.

"அஞ்சு முப்பத்தாறு."

"ஆறு மணி வரிக்கும்தானே?"

"ஆமா."

கெங்கம்மா டிரெய்லர்களைப் பார்த்தாள். ஒரு காலை எடுத்து வைத்தாள். அந்த நேரம் பார்த்து வரிசையில் எங்கோ ஒரு வண்டி உறுமிற்று. காலைப் பின்னால் இழுத்துக்கொண்டாள். "வர்ல டீச்சர். நான் இன்னா பண்ணட்டும். கால் வர்ல."

ஷெர்லின் எதிரே நின்ற வண்டியின் கதவைத் தட்டினாள். மேலேயிருந்து டிரைவர் எட்டிப் பார்த்தான். முப்பது வயது, கழுத்தில் துண்டு.

"தம்பி, இந்த அக்கா ஒங்க வண்டிக்கு முன்னால தாண்டணும். இவங்க வீட்டுக்காரர் இதே ரோட்டுல இப்படித் தாண்டும்போதுதான் போயிட்டாரு. பயப்படுதாங்க. நாங்க அந்தப் பக்கம் போற வரைக்கும் வண்டிய எடுக்கக் கூடாது."

"முன்னாடி நகந்தா நானும் நகரணும்லா? பின்னால உள்ளவன் கொன்னுருவான்." பேச்சு அவள் ஊர்ப் பக்கம். அடையாள அட்டையைப் பார்த்தான், பிறகு அவளுக்குப் பின்னால் நின்ற கெங்கம்மாவைப் பார்த்தான். சட்டென்று இன்ஜின் நின்றது. கதவைத் திறந்து இறங்கி வந்தான். சாவியைக் கெங்கம்மாவின் உள்ளங்கையில் வைத்தான்.

"இந்தாங்கம்மா. சாவி ஒங்க கையில இருக்கு. இது இல்லாம இந்த வண்டி ஒரு அடி நகராது. நடுக்கட்டைக்குப் போய்ட்டுக் குடுங்க, போதும்."

பின்னால் ஹாரன் அலறத் தொடங்கியது. அவன் திரும்பி, கையை உயர்த்தி, "பொறுங்கல!" என்று கத்தினான்.

கெங்கம்மா சாவியைப் பார்த்தாள். விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி அதை இறுகப் பிடித்துக்கொண்டாள். மற்ற கையை ஷெர்லினிடம் நீட்டினாள். அணைந்த வண்டியின் முகத்துக்கு முன்னால் மூன்று பேரும் நடந்தார்கள். பாதி வழியில் கெங்கம்மா நின்றாள். ஆனால் அவள் பயந்து நிற்கவில்லை. தலையைத் திருப்பி, கோயில் மதிலுக்கு அந்தப் பக்கம் தெரிந்த கடலை ஒரு தரம் பார்த்தாள். பிறகு நடந்தாள்.

நடுக்கட்டையில் சாவியைத் திருப்பிக் கொடுக்கும்போது, "ஒன் பேரு இன்னா நைனா?" என்று கேட்டாள்.

"தவசிமுத்து."

"நல்லாரு. பாத்துப் போ."

மிச்சப் பாதி ரோட்டுக்குப் பாரி அந்தப் பக்கமிருந்து இறங்கி வந்து, இரண்டு கையையும் விரித்துக்கொண்டு வண்டிகளை மறித்தான். திட்டு வாங்கினான். திட்டினான். ஆட்டோ பள்ளி வாசலுக்கு வந்தபோது ஆறாக மூன்று நிமிஷம்.

உள்ளே இன்னும் பதினேழு பேர் வரிசையில் நின்றார்கள். கெங்கம்மா போய்க் கடைசியில் நின்றாள். மணி ஆறானதும் கதவைச் சாத்தினார்கள். வரிசையின் வாலில் யாரும் புதிதாக வந்து ஒட்டிக்கொள்ளக் கூடாது என்பதற்காக, கடைசியில் நிற்கிறவரிடமிருந்துதான் எண்ணிட்ட சீட்டுக் கொடுத்துக்கொண்டு வருவார்கள். அதிகாரி வந்து முதல் சீட்டைக் கெங்கம்மா கையில் கொடுத்தார். ஒன்றாம் எண்.

ஓட்டுப் போட்டு வெளியே வந்தபோது ஆறே முக்கால். மை வைத்த விரலைப் புடவையில் படாமல் தனியாகத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வந்தாள். ஷெர்லின் தன் பட்டியலில் டிக் போட்டாள்.

"வீடு வரைக்கும் வாரேன்க்கா."

"இன்னாத்துக்கு? ரோடுதான் குறுக்க இல்லியே," என்றாள் கெங்கம்மா. ஆனாலும் ஷெர்லின் பின்னாலேயே போனாள். ஐந்து நிமிஷ நடை. எந்த வண்டிக்கும் நிற்க வேண்டியிருக்கவில்லை. மாடிப்படியில் கெங்கம்மா ஒரு தரம் திரும்பி, "இனிமே சர்ச்சுன்னு சொல்லு," என்றாள்.

"சொல்லுதேன்."

பூட்டைத் திறந்து, விளக்கைப் போட்டு, செருப்பைக் கழற்றிவிட்டு நேரே படத்துக்கு முன்னால் போய் நின்றாள். ஷெர்லின் வாசலிலேயே நின்றுவிட்டாள். கெங்கம்மா இடது கையைத் தூக்கி, மை வைத்த விரலைக் கோதண்டத்தின் முகத்துக்கு நேரே காட்டினாள்.

"தா பாரு. ஓட்டு போட்டுட்டு வூட்டுக்கு வந்துட்டோம்."

பிறகு திரும்பாமலேயே சொன்னாள்:

"அந்தப் பேரை எடுக்கற பாரம் பையில வெச்சிகினு கீறியா டீச்சர்? கொண்டா. ரேகை வெக்கறேன்."